காசு கட்டிய தண்ணீர்

"காசு கட்டிட்டாங்க அண்ணே, அப்புறம் என்ன தப்பு?"

சென்ற மாதம் ஞாயிறு சமய வகுப்பில் ஒரு தம்பி இப்படிக் கேட்டார். பேச்சு கர்மயோகத்தில் ஆரம்பித்து எப்படியோ கோல்ஃபுக்குப் போய்விட்டது. காரணம், அவர் கைப்பேசியில் காட்டிய ஒரு படம். நாலா பக்கமும் பாறை, மணல், வீட்டைவிட உயரமாக நிற்கும் கள்ளி. நடுவில் மட்டும் பச்சைப் பசேலென்று புல், ஓரத்தில் ஒரு குளம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஸ்காட்ஸ்டேல் நகரின் வடகோடியில் இருக்கும் டெசர்ட் மௌண்டன் என்ற தனியார் கிளப் அது. உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய விருந்தாளிகளுக்கும் மட்டுமே உள்ளே இடம். ஜாக் நிக்லஸ் வடிவமைத்த 6 பெரிய திடல்கள் அங்கே இருக்கின்றன. 2019-இல் ஏழாவதாகச் சின்னத் திடல் ஒன்றும் சேர்ந்தது.

"பாலைவனத்துல ஏழு திடலா? அநியாயம்" என்று ஒரு தங்கை சொன்னார். அதற்குத்தான் தம்பி அப்படிக் கேட்டார். அன்று பதில் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தம்பியின் பக்கம் நின்று பார்ப்போம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அரிசோனாவில் கோல்ஃப் திடல் போடுகிறவர் இஷ்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. 1980-இலேயே அந்த மாநிலம் நிலத்தடி நீருக்குக் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. அதன்பிறகு வந்த திடல்களில் 18 குழிக்குச் சுமார் 90 ஏக்கர் புல் என்ற கணக்கில்தான் தண்ணீர் ஒதுக்குகிறார்கள். அதனால்தான் படத்தில் புல் துண்டு துண்டாகத் தெரிகிறது. இடையில் பாலைவனத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். வடக்கு ஸ்காட்ஸ்டேலில் 20-க்கும் மேற்பட்ட திடல்களுக்கு, வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புகிறது நகராட்சி. அந்தக் குழாய்க்கும் பம்புக்கும் பணம் போட்டது திடல்காரர்கள்தான். ஒப்பந்தம் இருக்கிறது, ரசீது இருக்கிறது. திருட்டு என்று யாரும் வழக்குப் போட முடியாது.

சரி, அந்தத் தண்ணீர் கழிவுநீர் ஆவதற்கு முன்னால் எங்கே இருந்தது?

பெரும்பகுதி கொலராடோ ஆற்றில். ஸ்காட்ஸ்டேல் மக்கள் குடிக்கும் நீரில் அதிகம் அங்கிருந்துதான் வருகிறது. மாநிலத்தின் மேற்கு எல்லையிலுள்ள ஹவாசு ஏரியில் எடுத்து, சுமார் 540 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாகப் பாலைவனத்தைக் கடத்திக் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும் என்று நாம் படித்திருக்கிறோம். இந்தத் தண்ணீர் மேடேறுகிறது! வழி நெடுக பம்பு வைத்து மொத்தம் 800 மீட்டருக்கும் மேல் தூக்குகிறார்கள். அரிசோனாவிலேயே மிக அதிகமாக மின்சாரம் செலவழிப்பது இந்தக் கால்வாய்தான். இவ்வளவு பாடுபட்டு வந்த நீரை ஒருவர் குடித்து, குளித்து, அது சுத்தமாகித் திரும்பி வந்தால் அது "வேஸ்ட்" தண்ணீரா? அதே ஊரில் திடல்களுக்குத் தேவை குறையும்போது, மிஞ்சும் நீரை இன்னும் நன்றாகச் சுத்தம் செய்து நிலத்தடிக்குள் இறக்குகிறார்கள், நாளைக்குக் குடிக்க. ஆகவே புல் குடித்து ஆவியாகிப் போகும் ஒவ்வொரு வாளியும் பூமிக்குள் போயிருக்கக்கூடிய ஒரு வாளி.

புல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கே இது புதுச் செய்தி. அங்கே கோடையில் வளரும் பெர்முடா புல், குளிர் வந்ததும் பழுப்பாகித் தூங்கிவிடும். செத்துப் போவதில்லை. அதன் மேல் ஆடலாம், ஒரு குறையும் இல்லை. ஆனால் குளிர்காலத்தில்தான் வெளியூர் ஆட்கள் வருவார்கள். பழுப்பு நிறம் அவர்கள் கண்ணுக்குப் பிடிக்காதாம். அதனால் ஆண்டுதோறும் பல திடல்களில் இலையுதிர்காலத்தில் வேறொரு புல்விதையைத் தூவி, அது முளைக்கும்வரை ஒரு நாளைக்குப் பல தடவை நீர் தெளிக்கிறார்கள். நிறத்துக்காக! விளையாட்டுக்காகக்கூட அல்ல.

இப்போது 2023 ஜனவரி 1-ஆம் தேதிக்கு வருவோம்.

ஸ்காட்ஸ்டேலை ஒட்டி, நகர எல்லைக்கு வெளியே, ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்று ஒரு குடியிருப்பு. அங்கே குழாய் கிடையாது. சிலருக்குக் கிணறு உண்டு. சுமார் 500 வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான் கதி. லாரிகள் ஸ்காட்ஸ்டேல் நகராட்சியில் நீர் பிடித்து வந்துகொண்டிருந்தன. கொலராடோ ஆறு வற்றியது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வரலாற்றிலேயே முதல் முறையாக அந்த ஆற்றில் பற்றாக்குறை என்று அறிவித்தது. நகராட்சி, "எங்கள் மக்களுக்கே போதவில்லை" என்று சொல்லிப் புத்தாண்டு அன்று லாரிகளை நிறுத்திவிட்டது. மக்கள் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள், மழைநீரைப் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றினார்கள். தொலைவிலிருந்து வந்த லாரிக்குப் பல மடங்கு விலை. நகருக்குள் திடல்கள் பச்சையாகவே இருந்தன.

இதைக் கேட்டதும் கோபம் வருகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அந்த 500 வீட்டாரும் ஏழைகள் அல்லர். 6 அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்து விற்றால் 100 ஆண்டுக்கான நீர் ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். நிலத்தை அதற்கும் சின்னதாகப் பிரித்து விற்று அந்தச் சட்டத்தை நழுவினார்கள் விற்றவர்கள். தண்ணீர் இல்லாத மனை என்று தெரிந்தே வாங்கியவர்களும் உண்டு. நகராட்சி முன்னதாகவே எச்சரித்தது. ஆக, ரசீதை மட்டும் பார்த்தால் எல்லாரும் யோக்கியர்கள்: திடல் பணம் கட்டியது, நகரம் தன் குடிமக்களைக் காத்தது. லாரியை நம்பியவர்கள் ஏமாந்தார்கள், அவ்வளவுதான். அப்படியும் மனசு ஒப்பவில்லையே, ஏன்?

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் ஒரு கடுமையான சொல்லைப் பயன்படுத்துகிறான். பெற்றதைத் திருப்பிக் கொடுக்காமல் தானே அனுபவிக்கிறவன் திருடன் என்கிறான். கவனியுங்கள், அவன் பிறர் வீட்டில் கன்னம் வைத்தவன் அல்லன். தனக்குக் கிடைத்ததைத்தான் அனுபவிக்கிறான். பிறகு ஏன் திருடன்? அடுத்த சில சுலோகங்களிலேயே விடை வருகிறது. உயிர்கள் உணவிலிருந்து, உணவு மழையிலிருந்து, மழை வேள்வியிலிருந்து என்று ஒரு சக்கரம் சுழல்கிறது. மழையை யாரும் உண்டாக்கவில்லை. குழாய்க்குப் பணம் கட்டலாம், பம்புக்குக் கட்டலாம், மின்சாரத்துக்கும் கட்டலாம். ஆற்றுக்கு யார் யாரிடம் கட்டினார்கள்? நாம் கட்டுவதெல்லாம் கொண்டுவந்த கூலி. பொருளுக்கு விலை இன்னும் பாக்கிதான். அந்தப் பாக்கியைத் தீர்க்கும் வழிக்குத்தான் அங்கே வேள்வி என்று பெயர்.

வள்ளுவர் ஒப்புரவறிதலில் பேரறிவாளன் செல்வத்தை ஊருணியோடு ஒப்பிட்டது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊருணி ஒருவர் வெட்டியதாகவே இருக்கலாம். ஆனால் தாகத்தோடு குடம் எடுத்து வருகிறவரிடம் "நீ உறுப்பினரா?" என்று அது கேட்காது.

இதை எழுதும்போது எனக்கும் உறுத்துகிறது. நம் திருவிழாக்களில் பாதி குடித்துவிட்டு வீசும் தண்ணீர் பாட்டில்களை நான்தான் மூட்டை கட்டியிருக்கிறேன். நமக்கு மழை தாராளம், அதனால் கணக்குப் பார்ப்பதில்லை. அரிசோனாக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம்.

இன்னொன்று. அந்தத் திடல்களின் பெயர்களைத் தேடிப் பார்த்தேன். கொச்சீஸ், ஜெரோனிமோ, அப்பாச்சி, சிரிகாவா. முதல் இரண்டும் அப்பாச்சித் தலைவர்களின் பெயர்கள். அரிசோனாவின் தென்கிழக்கு மலைகள் சிரிகாவா அப்பாச்சிகளின் தாயகம். ஜெரோனிமோ 1886-இல் சரணடைந்தார். அதன்பிறகு அவரை ஊர் திரும்ப விடவே இல்லை; 1909-இல் ஓக்லஹோமாவில், போர்க்கைதியாகவே இறந்தார். அவருடைய மக்கள் 27 ஆண்டுகள் கைதிகளாக இருந்தார்கள். இன்று அவர் பெயரில் உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு புல்வெளி. "எனது" என்ற சொல்லை நம் சித்தாந்தப் பெரியவர்கள் ஏன் அத்தனை சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்பது எனக்கு அந்தப் பெயர்ப்பலகையில் கொஞ்சம் புரிந்தது.

ரியோ வெர்டே வீடுகளுக்கு 2023 இறுதியில் தற்காலிக ஏற்பாடாக மீண்டும் தண்ணீர் கிடைத்தது. அதற்கு மாநிலச் சட்டமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

போன வாரம் இவ்வளவையும் வகுப்பில் சொன்னேன். தம்பி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ திடல மூடிடணுமா? அங்க வேலை செய்றவங்க என்ன செய்வாங்க?" என்றார். நல்ல கேள்வி. மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "நீங்க அந்த நகராட்சியில உட்கார்ந்திருக்கீங்கன்னு வைங்க. அந்த வருஷம் என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"குளிர்காலப் புல்ல ஒரு வருஷம் விட்டுடலாம் அண்ணே. பழுப்பாவே ஆடட்டும். அந்தத் தண்ணிய மண்ணுக்குள்ள இறக்கிட்டு, அதுக்குச் சமமா குடிதண்ணிய லாரிக்குக் கொடுக்கலாம். பில்லு அப்புறம் பேசிக்கலாம்."

பின்வரிசையிலிருந்து தங்கை சொன்னார்: "அந்த ஜெரோனிமோ பேரையும் எடுத்துடச் சொல்லுங்க."