பிள்ளைக்குக் கொடுப்பது இசையா, ஆசையா?

பெற்றோர் தம் மக்களுக்கு நிலத்தைக் கொடுக்கலாம், பொன்னைக் கொடுக்கலாம், கல்வியைக் கொடுக்கலாம். தாம் ஒன்றின்மீது கொண்ட அன்பைக் கொடுக்க இயலுமா? பாட்டைக் கற்பிக்க ஆசிரியர் உண்டு. பாட்டின்மீது அன்பு கொள்ளக் கற்பிப்பவர் யார்?

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. காட்கோபரில் ஓர் அறையும் சமையலறையுமே வீடாக வாழும் இல்லங்கள் பல. அண்டை வீட்டில் குஜராத்தியும், தெருவில் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைக்கு, காலையில் வீட்டில் ஒலிக்கும் கீர்த்தனையே முன்னோர் மண்ணோடு எஞ்சியிருக்கும் உறவு. அதனால் பாட்டு வகுப்பு இங்கே பொழுதுபோக்காக இல்லாமல் கடமையாகிவிடுகிறது. வித்யாவிகார், குர்லா, சயான், அடுத்தது மாதுங்கா. நான்கே நிலையங்கள். 1952-இல் தோன்றிய ஸ்ரீ ஷண்முகானந்த சபையும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் தாயைக் குறை கூற எவருக்கும் மனம் வராது. ஆயினும் அந்தத் தாயின் உள்ளத்தில் இருப்பது இசையா, அல்லது தாம் மேடையேற முடியாமற்போன ஏக்கமா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

வீணை தனம்மாளின் (1867–1938) இல்லம் இதற்கு ஓர் உரைகல். சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவ்வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் வீணை வாசிப்பார். பெரும் வித்துவான்களும் அங்கே வந்து வாய் பேசாது அமர்ந்து கேட்டனர். அவ்வீட்டுக் குழந்தைகள் பாடத்துக்கு முன்பே கற்றது அந்த மௌனத்தைத்தான். பெரியவர்கள் ஒன்றின்முன் தம்மை மறந்து நிற்பதைக் காணும் குழந்தைக்கு, அதன் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தாம் ஒருபோதும் அமர்ந்து கேளாமல், 'சாதகம் செய்தாயா?' என்று மட்டும் வினவும் பெற்றோரிடத்தில் குழந்தை காண்பது வேறு.

தனம்மாளின் மகள் காமாட்சி அம்மாள். தம் மகள் பிருந்தாவுக்கு (1912–1996) வீட்டிலேயே பெருஞ்செல்வம் இருந்தும், அவர் அச்சிறுமியைக் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயில அனுப்பினார். இது எளிய செயலன்று. 'என் பிள்ளை என் பாட்டையே பாட வேண்டும்' என்ற உரிமையை விட்டாலன்றி இது நடவாது. பிற்காலத்தில் அந்தப் பிருந்தா அம்மாளே மும்பைக்கு வந்து ஒரு தமிழ் இல்லத்தில் தங்கினார். அவ்வீட்டுத் தலைவி ராஜலக்ஷ்மி சேதுராமன் தாமே இசை பயின்றவர்; மகளுக்கு முதல் ஆசிரியரும் அவரே. எனினும் மகளைப் பிருந்தா அம்மாளிடம் ஒப்படைத்தார். அம்மகளே அருணா சாய்ராம். தனம்மாள் குடும்பத்தின் பாணி இவ்வாறு இரத்த உறவைக் கடந்து மற்றொரு வீட்டில் வேரூன்றியது. பம்பாய் ஜெயஸ்ரீயும் பெற்றோரிடமே முதலில் பயின்றார், பிறகு டி.ஆர். பாலாமணியிடமும், 1989 முதல் லால்குடி ஜெயராமனிடமும் சென்றார்.

கண்டிப்பு அன்பைக் கொன்றுவிடும் என்று இக்காலத்தில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது முழு உண்மையன்று. லால்குடி ஜெயராமனின் தந்தை கோபால ஐயர் மிகக் கடுமையான ஆசிரியர் என்று பெயர் பெற்றவர். அக்கடுமையில் வளர்ந்த மகன், வயலினே வாய்விட்டுப் பாடுகிறது என்று உலகம் வியக்கும்படி வாசித்தார். ஆனால் தந்தையும் அதே இசைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்திருந்தார் என்பதை மறந்து, கண்டிப்பை மட்டும் கடன் வாங்கும் பெற்றோர் பலர். போட்டியில் பரிசு, தொலைக்காட்சியில் முகம், உறவினர் பாராட்டு ஆகிய பலன்களின் மீதான பற்றே அங்கே கண்டிப்பாக வேடமிட்டு நிற்கிறது. பதினைந்தாம் வயதில் தேர்வைக் காரணம் காட்டிப் பாட்டை நிறுத்திவிட்டு, பின்னர் அதைக் கேட்கவே விரும்பாத இளைஞர்கள் இதற்குச் சாட்சி. கற்றவை மறந்தாலும் பெரிதில்லை; கேட்கும் செவியே மூடிவிடுகிறதே!

பிள்ளை வேறு வழியை நாடும்போதுதான் பெற்றோரின் அன்பு உண்மையில் சோதிக்கப்படுகிறது. தனம்மாளின் மற்றொரு மகள் ஜெயம்மாள் பாடகி. தனம்மாளும் அவருடைய மகள்மாரும் ஆடியவரல்லர். ஜெயம்மாளின் மகள் பாலசரஸ்வதியோ (1918–1984) ஆட விரும்பினாள். சதிர் ஆட்டத்தைச் சமூகம் இழிவாகப் பேசிய காலம் அது. மகளை அந்த வழியில் விடுவது அவளுடைய வாழ்வையே பணயம் வைப்பதாகும். குடும்பத்திலேயே தயக்கம் இருந்தது. ஜெயம்மாள் தடுக்கவில்லை. 1925-இல் காஞ்சிபுரத்தில், ஏழு வயதில், பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் நடந்தது. அதன்பின் பல ஆண்டுகள், மகள் ஆடும் மேடையில் அவளுக்காகப் பாட ஜெயம்மாளே அமர்ந்தார்.