விசிறிக்குள் ஒரு பேட்டரி

பாய்மரப் படகுக்குக்கூடக் காற்றுப் பஞ்சம் வருமா? வரும். நங்கூரம் போட்டு, எல்லாத் திறப்புகளையும் மூடிவிட்டு உரிமையாளர் ஊருக்குப் போனால், சில வாரங்களில் கேபினுக்குள் புழுங்கி மெத்தையில் பூஞ்சணம் பிடித்துவிடும். மேலே எவ்வளவு காற்று வீசினாலும் உள்ளே இறங்காது.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு: டொராட் பெட்டி. அமெரிக்கரான ஓலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்து 1930-ல் கடலில் இறங்கிய ‘டொராட்’ படகின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மேலே வாய் திறந்த வளைகுழாய், காற்றோடு அலைத் தண்ணீரையும் விழுங்கும். தண்ணீர் பெட்டியின் அடியிலுள்ள ஓட்டை வழியே தளத்துக்கு ஓடிவிடும். கேபினுக்குப் போகும் குழாய் சற்றுத் தள்ளி, உயரமாக நிற்பதால் காற்று மட்டும் உள்ளே இறங்கும். மோட்டார் கிடையாது. காற்று நின்றால் பெட்டியின் வேலையும் நின்றது.

ஜெர்மன் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் இதை மெச்சியிருப்பார். 1953-ல் மியூனிக்கில் தொழில்நுட்பம் குறித்துப் பேசியபோது அவர் காட்டிய உதாரணம் பழைய காற்றாலை: காற்று வீசினால் சுழலும், அதன் ஆற்றலைப் பிடித்துப் பூட்டி வைக்காது. ரைன் நதிமேல் கட்டிய நீர்மின் நிலையமோ நதியையே சரக்காக்கிவிடுகிறது என்றார். 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அவர். அவர் சொல்லை நிறுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் இயற்கையைப் பிடித்துச் சரக்காக்கலாமா என்ற கேள்வி என்னவோ வலுவானதுதான்.

இப்போது சோலார் விசிறி. மேல்தளத்தில் வட்டமாகத் துளை அறுத்து, தலையில் சூரியத் தகடு பதித்த சின்ன விசிறியைப் பொருத்துகிறார்கள். பல படகுகளின் தளம், இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. துளையின் விளிம்பில் தெரியும் மரத்தைச் சுரண்டியெடுத்து, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியை அடைத்து, இறுகியபின் மறுபடி அறுக்க வேண்டும். சோம்பல்பட்டால் மழைத் தண்ணீர் புகுந்து மரம் ஊறி, தளம் காலடியில் அமுங்கும். காற்று ஓட வேண்டுமானால் ஒரு முனையில் உள்ளிழுக்க ஒன்று, மறுமுனையில் வெளியேற்ற ஒன்று என இரண்டு வைப்பது நல்லது.

விசிறியிலும் இரண்டு ஜாதி. பேட்டரி இல்லாதது வெயிலில் சுழலும், மேகம் மறைத்தால் நிற்கும். ஹைடெக்கரின் காற்றாலைக்கு உடன்பிறப்பு. பேட்டரி உள்ளது பகலில் சேர்த்து இரவில் செலவழிக்கும். அவர் கணக்கில் இது நீர்மின் நிலையத்தின் பக்கம் போய்விடுகிறது.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. படகில் நான்கு பேர் தூங்கினால், அவர்கள் மூச்சில் வரும் ஈரம் குளிர்ந்த கூரையில் பட்டு விடியற்காலையில் போர்வைமேல் சொட்டும். விசிறி அதிகம் தேவைப்படும் நேரத்தில் சூரியன் இல்லை. மறுநாளுக்கு வைப்பதே குற்றமென்றால், குதிரில் நெல் கொட்டி வைத்த குடியானவரும் குற்றவாளிதான். லின், லாரி பார்டி தம்பதி எஞ்சினே இல்லாத 24 அடி ‘செராஃபின்’ படகில் உலகைச் சுற்றினார்கள். அவர்களும் தண்ணீரையும் உணவையும் சேமித்துக்கொண்டுதான் கடலோடினார்கள்.

ஹைடெக்கரின் பயம் வேறு: எல்லாமே கேட்ட நொடியில் கிடைக்க வேண்டும் என்ற மனம். ஓர் இரவுக்கான பேட்டரியில் அந்த மனம் இல்லை. அதைப் பொருத்தியவர் ஃபிரிஜ்ஜுக்கும் ஏ.சி.க்கும் போய், அவற்றுக்காக ஜெனரேட்டரும் வாங்கி, கடைசியில் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கும் துறைமுகமாகப் பார்த்துப் பயணத்தை வகுக்கும்போதுதான் அது தலைதூக்குகிறது.

ஆகவே டொராட் பெட்டியைக் கழற்றாமல், பேட்டரி விசிறி இரண்டையும் தயங்காமல் பொருத்திக்கொள்ளலாம். ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் மட்டும் ஹைடெக்கரை ஒருமுறை படித்துவிட்டுப் போகட்டும்.