சாலை கேட்காத வண்டி

"ஸ்போர்ட்ஸ் காரா, காட்டு வழியில் போகும் ஜீப்பா? இரண்டில் ஒன்றை இனாமாகத் தருகிறேன், எது வேண்டும்?" என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் ஜீப்பைத்தான் கேட்பேன். அப்படி யாரும் கேட்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் கேள்வி சுவையானது. ஒருவன் வாங்குகிற பொருள் அவனுடைய பணப்பையைக் காட்டும். அவன் ஆசைப்படுகிற பொருளோ அவன் மனத்தைக் காட்டும். ஆகவே இந்த ஆசையைச் சற்று நிறுத்தி வைத்து விசாரிப்பதில் தவறில்லை.

விசாரணைக்கு வசதியாகச் சரித்திரமே இரண்டு சாட்சிகளை வைத்திருக்கிறது. வருஷம் 1948. உலக யுத்தம் முடிந்து மூன்று வருஷங்களே ஆகியிருந்தன. இங்கிலாந்து வென்ற தேசம்தான். ஆனால் கையில் காசில்லாத தேசம். உருக்குக்குப் பெரும் பஞ்சம். சர்க்கார் அதை அளந்துதான் கொடுத்தது. அந்த நெருக்கடியில், மத்திய இங்கிலாந்தில் ஒன்றுக்கொன்று பக்கத்திலுள்ள இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு வண்டிகள் வெளிவந்தன. கவென்ட்ரியிலிருந்து ஜாகுவார் எக்ஸ்.கே. 120; சாலிஹல்லிலிருந்து லாண்ட் ரோவர்.

ஜாகுவார் வில்லியம் லயன்ஸ் என்பவரின் கனவு. நீண்ட மூக்கும், அலைபோல் வளைந்து இறங்கும் மட்கார்டுகளுமாக, நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவதுபோல் தோன்றும் வண்டி அது. பெயரிலுள்ள 120, மணிக்கு 120 மைல் என்று பொருள்படும். அந்த வேகத்தைச் சிலர் சந்தேகித்தார்கள். 1949 மே மாதம் பெல்ஜியத்தில், ஜாபெக் என்ற ஊருக்கருகே ஒரு நெடுஞ்சாலையை மற்றவர்களுக்கு அடைத்துவிட்டு, பத்திரிகைக்காரர்கள் கண்ணெதிரே 132 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். சந்தேகம் தீர்ந்தது.

லாண்ட் ரோவரின் கதை இவ்வளவு பகட்டானதல்ல. ரோவர் கம்பெனியின் தலைமை இன்ஜினீயர் மாரிஸ் வில்க்ஸுக்கு, வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்ஸி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே வேலைக்கு, ராணுவம் கழித்துவிட்ட ஓர் அமெரிக்க ஜீப்பை வைத்திருந்தார். 'இது பழுதாகிப் போனால் இதனிடத்தில் எதை வைப்பது?' என்ற சம்சாரியின் கவலையிலிருந்து பிறந்தது புதிய வண்டி. முதல் மாதிரியில் ஸ்டியரிங் சக்கரத்தை டிராக்டரைப்போல் நடுவிலேயே வைத்திருந்தார்கள். உருக்குக் கிடைக்காததால் உடம்பை அலுமினியக் கலவையால் செய்தார்கள். வண்டி நிற்கும்போதும் இன்ஜினின் சக்தியை வெளியே எடுத்து மரம் அறுக்கலாம். கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றலாம். ஜாகுவாருக்கு 160 குதிரைச் சக்தி. இதற்கு வெறும் 50. இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒப்பேற்றினால் போதும் என்றுதான் கம்பெனி நினைத்தது. ஆனால் அந்த வம்சத்தின் கடைசி வண்டி சாலிஹல் தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்தது 2016 ஜனவரியில். அதற்குள் 20 லட்சத்துக்கு மேல் செய்தாகிவிட்டது. எக்ஸ்.கே. 120-ஐ 1954-லேயே நிறுத்திவிட்டார்கள். செய்தது சுமார் 12 ஆயிரம். இன்னொரு வேடிக்கை: 2008-ல் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து வாங்கியது நம் நாட்டு டாட்டா கம்பெனி!

எண்ணிக்கையை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதிகம் விற்பது உயர்ந்தது என்றால் இலக்கியத்தில் எங்கள் பாடு திண்டாட்டமாகிவிடும். நான் கவனிப்பது வேறொன்றை.

ஸ்போர்ட்ஸ் காரின் வேகம் அதற்கு மட்டும் சொந்தமானதல்ல. வேகமாகப் போகும்போது கவிழாமலிருக்க அது தரையோடு தாழ்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருப்பதால் வழியில் ஒரு கல் கிடந்தாலும் அதன் வயிறு கிழிந்துவிடும். ஆகவே அதற்கு முன்னே எவனோ கல்லுடைத்து, மேடு பள்ளம் நிரவி, தார் ஊற்றி வைத்திருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் புகாட்டி கார் ஒன்று மணிக்கு 490 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. எங்கே? ஜெர்மனியில், கார்களைச் சோதிப்பதற்கென்றே வேலி கட்டிப் போட்டிருக்கும் நீண்ட தடத்தில். அந்தத் தடத்தைவிட்டு இறக்கி நம் ஊர் ஏரிக்கரையில் விட்டால், அத்தனை குதிரைகளும் சேர்ந்து ஒரு மாட்டு வண்டிக்கு ஈடாகா.

ஜீப்போ சாலை கேட்பதில்லை. அதன் சூட்சுமம் இரண்டு. ஒன்று, நான்கு சக்கரங்களும் இழுக்கின்றன; பின் சக்கரம் சேற்றில் வழுக்கினால் முன் சக்கரம் பற்றிக்கொள்ளும். மற்றது, அடங்கிய கியர். அதைப் போட்டால் வண்டி நடைவேகத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அதே சின்ன இன்ஜின் சக்கரத்தைப் பல மடங்கு வலுவோடு திருப்பும். வேகத்தை விட்டுக்கொடுத்து வலிமையை வாங்கிக்கொள்ளும் வித்தை இது. மனிதர்களில் இந்த வித்தை தெரிந்தவர்கள் குறைவு.

"அப்படியானால் வீணைக்குக்கூட அமைதியான சபை வேண்டுமே! சந்தைக்கடையில் வாசிக்க முடியாது என்பதால் வீணை தாழ்ந்ததா?" என்று கேட்டார் ஒரு நண்பர். நல்ல கேள்வி. வீணை தாழ்ந்ததல்ல, ஜாகுவாரும் தாழ்ந்ததல்ல. சில மேன்மைகளுக்கு உலகம் இடம் ஒதுக்கித்தான் கொடுக்க வேண்டும். அழகை வெறுக்கிற ஒழுக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அழகை ரசிக்க அது எனக்குச் சொந்தமாயிருக்க வேண்டியதில்லை. வீதியோரம் நின்று பார்த்தாலே போதும். நடுராத்திரியில், மழையில், பிரசவ வேதனையில் ஒரு பெண் துடிக்கும்போது வாசலுக்கு வந்து நிற்க வேண்டிய வண்டி எது என்பதுதான் என் கேள்வி.

இங்கே ஜீப் பிரியர்கள் மகிழ்ந்துபோய்விட வேண்டாம். அவர்களிடமும் ஒரு வார்த்தை இருக்கிறது. இன்று நம் நகரங்களில், மலைப் பாதைக்கென்று செய்த பிரம்மாண்டமான வண்டிகள் கத்தரிக்காய் வாங்கக் கடைவீதிக்கு வருகின்றன. அவற்றின் சக்கரங்கள் ஒரு நாளும் சேற்றைக் கண்டதில்லை. சந்தை அடைத்து நிற்கின்றன. சைக்கிள்காரனை ஓரத்தில் ஒண்ட வைக்கின்றன. அவற்றின் உயர்ந்த முகப்பு, குறுக்கே வந்த குழந்தையின் காலில் அல்ல, மார்பிலும் தலையிலும் மோதும். கரடுமுரடாக இருப்பதும் ஓர் அலங்காரமாகிவிட்டால், ஸ்போர்ட்ஸ் காரின் பகட்டைவிட அது மோசமான பகட்டு. ஸ்போர்ட்ஸ் கார் தன்னை ஓர் ஆடம்பரம் என்று ஒப்புக்கொள்கிறது; இதுவோ உழைப்பாளியின் வேஷம் போடுகிறது.

1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் நம் கிராமங்களுக்கு அரசாங்கம் ஜீப்பில் வந்தது. கிணற்றுக் கடனும், உரமும், அம்மைப் பால் குத்துகிறவரும் அதில் வந்ததுண்டு. போலீஸும், ஜப்தி உத்தரவும், வோட்டுக் கேட்கும் ஒலிபெருக்கியும் அதே ஜீப்பில் வந்ததுண்டு. எங்கும் போக முடிவது ஆற்றல். எதற்காகப் போகிறோம் என்பதே தர்மம். முன்னது வண்டியோடு வரும். பின்னதை ஓட்டுகிறவன் கொண்டுவர வேண்டும். 'நம்மிடம் ஜீப் இருக்கிறதே, சாலை எதற்கு?' என்று ஓர் அதிகாரி நினைத்துவிட்டால் அந்த ஜீப்பே ஊருக்குச் சாபமாகிவிடும்.

இதையெல்லாம் வண்டிகளைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நம் வீடுகளில் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம்? அவன் வழியிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்குகிறோம். டியூஷன், சிபாரிசு, நன்கொடை என்று தார் ஊற்றி வழவழப்பாக்குகிறோம். அவனும் அந்தப் பாதையில் 120 மைல் வேகத்தில் பறக்கிறான். நமக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு நாள், நாம் போடாத சாலைக்கு அவன் வந்து சேர்வான்: ஒரு தோல்வி, ஒரு மரணம், வேலை போன ஒரு மாதம். அங்கே, வேகத்தைக் குறைத்துக்கொண்டு அடங்கிய கியரில் ஏற அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா?

பிள்ளைக்கு வேண்டுமென்றே முள்ளைப் பரப்பச் சொல்லவில்லை, அது கொடுமை. நல்ல சாலை போடுவது பெற்றவர்களின் கடமை, சர்க்காரின் கடமையுங்கூட. ஆனால் சாலை போட்ட கைகளை அவன் மறக்காதிருக்கட்டும். சாலை முடிந்தவுடன் 'இனி எனக்கு வேலையில்லை' என்று திரும்பி விடாதிருக்கட்டும். ஏனென்றால் சாலை முடிகிற இடத்துக்கு அப்பாலும் மனிதர்கள் வசிக்கிறார்கள்.