குதிரையும் குட்டி யானையும்

போன புரட்டாசியில், மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அப்பாவின் டாடா ஏஸுக்கு வீட்டு வாசலிலேயே வைத்துப் பெயின்ட் அடித்தேன். கையில் இருந்தது ஏழாயிரம் ரூபாய். எங்கள் ஊரில் அதை யாரும் டாடா ஏஸ் என்று சொல்வதில்லை, குட்டி யானைதான். 2005-ல் சந்தைக்கு வந்த வண்டி. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின். முக்கால் டன் பாரம் என்பது கம்பெனிக் கணக்கு. கீழ்பென்னாத்தூரில் அந்தக் கணக்கை மதித்தவர் எவரையும் நான் கண்டதில்லை. மல்லாட்டை மூட்டை, உர மூட்டை, கரும்பு, கல்யாணச் சீர் என்று எல்லாவற்றையும் அது சுமந்திருக்கிறது. பௌர்ணமிக்குப் பெரியம்மா வீட்டு ஜனங்களைக்கூடத் திருவண்ணாமலை வரை ஏற்றிப்போயிருக்கிறது (அது சட்டப்படி தப்பு, தெரியும்).

பெயின்ட் அடித்தது விற்பதற்காகத்தான். அப்பாவுக்கு முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. எனக்குச் சென்னையில் வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. செஞ்சி ரோட்டில் ஒரு பட்டறையில் கேட்டபோது டிங்கரிங் சேர்த்து இருபத்தெட்டாயிரம் என்றார்கள். வீடியோ பார்த்து நாமே அடித்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்தது அப்படித்தான்.

இறங்கிய பிறகு தெரிந்தது, பெயின்ட் வேலையில் பெயின்ட் அடிக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். எனக்குப் பதினோரு நாள் ஆனது. அதில் ஸ்ப்ரே கன்னைக் கையில் பிடித்தது ஒரே ஒரு பகல். மீதி நாளெல்லாம் தேய்ப்புதான். இரும்பு பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, எண்பதாம் நம்பர் பேப்பரில் தொடங்கி, இருநூற்று இருபது, நானூறு என்று தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு ரெட் ஆக்சைடு. அது காய்ந்ததும் பள்ளம் தெரிகிற இடத்தில் பட்டி, மறுபடி தேய்ப்பு. கண்ணாடிக்கும் லைட்டுக்கும் செய்தித்தாள் ஒட்டி, வாசலில் புழுதி எழாமல் தண்ணீர் தெளித்து, கோழிகளைப் பக்கத்து வீட்டுக்கு விரட்டி, வாடகை கம்ப்ரஸரை ஓடவிட்டால் இரண்டு மணி நேரத்தில் வண்டி வெள்ளை வெளேர் என்று நிற்கும். வேறு நிறம் ஆசைப்பட முடியாது. ஆர்.சி.யில் நிறத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் வெள்ளை என்று போட்டிருக்கிறது. பதினோரு நாளும் தெருவில் போனவர்கள் யாரும் நின்று பார்க்கவில்லை. கடைசி இரண்டு மணி நேரத்துக்குக் கூட்டம் கூடிவிட்டது.

நான் சொல்ல வந்த விஷயம் நாலாம் நாள் நடந்தது. ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே தேய்த்துக்கொண்டிருந்தேன். இரும்பு வரும் வரும் என்று பார்த்தால், வெளிர் மஞ்சளாக ஒரு தூள் வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குள் போய் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து வைத்தேன். கீழே விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தேன், கவ்விக்கொண்டது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் பட்டி ஒரு ஓடு மாதிரி பெயர்ந்தது. அதற்குள் பிசினில் தோய்த்த சாக்குத் துணி. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. உள்ளங்கை அகல ஓட்டை வழியாக எங்கள் வாசல் மண் தெரிந்தது. ஓட்டுபவர் காலை ஊன்றும் இடம் அது.

அப்பா அந்த வண்டியை 2016-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். விற்றவர் யார் என்பது இங்கே தேவையில்லை. ஒன்பது வருஷமாக அப்பா ஒரு சாக்குத் துணியின் மேல் காலை வைத்து ஓட்டியிருக்கிறார்.

துருவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகமாக. உர மூட்டை ஏற்றிய வண்டியில், அதிலும் பொட்டாஷ் சிந்திய வண்டியில், உப்புக்குப் பஞ்சமில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலே இருக்கும் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். அதனால் துருவின் மேல் அடித்த பெயின்ட் காலம் கடந்தாவது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முதல் நாள், முதல் மாதம், நேர்மையான வேலைக்கும் மோசடி வேலைக்கும் பளபளப்பில் ஒரு வித்தியாசமும் கிடையாது. இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து வந்த பெயின்ட்தான்.

தெரிந்த டிங்கர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். "வெட்டிட்டு புதுத் தகடு வச்சு வெல்டு அடிக்கணும். நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். அதுவரை மூவாயிரத்துச் சொச்சம் செலவாகியிருந்தது. வெல்டிங் வைத்தால் பெயின்ட்டுக்குக் காசு இல்லை. கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "விக்கிற வண்டிதான? முந்நூத்தம்பது ரூபா பட்டியில முடிஞ்சிடும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் வாசலில் வந்து நிற்கும் வண்டிகளுக்கெல்லாம் எது எவ்வளவு அவசியம் என்று எடைபோட்டுச் சொல்வது அவர் தொழில். எனக்கும் எடைபோட்டுச் சொன்னார்.

அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. வேலையை விட்டு அனுப்பும்போது கையெழுத்து வாங்கிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல், நாலு மாதம் முன்னால் அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படித்திருந்தேன். வக்கீல் ஃபீஸ் கொடுக்க முடியாதவனின் பொழுதுபோக்கு. அதில் பதினேழாவது பிரிவு மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. விளக்கத்துக்கு ஒரு குதிரையைக் கொண்டுவருகிறார்கள். ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். அதற்கு நோவு இருப்பது அவனுக்குத் தெரியும். வாங்குபவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். படித்தபோது சிரிப்பு வந்தது, நம் ஊர்ச் சந்தையைப் பார்த்து எழுதியிருப்பார்களோ என்று. தீபத்துக்குத் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடும், குதிரைகளும் வரும். சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறேன். கொம்பு சீவி, வர்ணம் பூசி, மணி கட்டி நிறுத்தியிருப்பார்கள். வாங்க வந்தவர் வர்ணத்தைப் பார்க்கவே மாட்டார். வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விலை துண்டுக்குக் கீழே விரல்களில் நடக்கும். விற்பவன் மறைப்பான், வாங்குபவன் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த ஆட்டம். கொம்புக்குப் பூசிய வர்ணத்தை அங்கே யாரும் பொய் என்று சொன்னதில்லை.

ஆனால் சட்டம் அதோடு நிற்கவில்லை. அடுத்த உதாரணத்தில் அதே குதிரை, அதே நோவு. வாங்குவது மட்டும் விற்பவனின் மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள். அங்கே சொல்வது அவன் கடமை என்கிறது. அதற்கும் அடுத்ததில், நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் சொல்கிறார், விற்பவர் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். இந்த மூன்றும் போக, மோசடிக்கான வரையறையிலேயே இன்னொன்று உண்டு: தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பது. சும்மா இருப்பது ஒன்று, பட்டியைக் குழைத்துப் பூசுவது வேறு ஒன்று.

வள்ளுவர் வாய்மைக்குத் தரும் வரையறை இன்னும் விசித்திரமானது. உள்ளதைச் சொல்வது என்று அவர் சொல்வதில்லை. பிறருக்குத் தீங்கு செய்யாத சொல் என்கிறார். அப்படியானால் ஓட்டையைப் பற்றிய உண்மை என் வாயில் இல்லை, அந்த வண்டியை நாளைக்கு ஓட்டப்போகிறவனின் காலில் இருக்கிறது.

அந்தக் கால் யாருடையது என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பக்கத்துத் தெருப் பையன், இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், காய்கறி ஏற்றப்போவதாகச் சொன்னான். அவனுக்கு அப்பா பெரியப்பா, நான் அண்ணன். ரத்த உறவு எதுவும் இல்லை. அவன் முதல் தடவை வந்தபோது வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க பாத்துக் குடுத்தா சரி பெரியப்பா. எனுக்கு இன்னா தெரியும்" என்றான். 1872-ன் மூன்று உதாரணங்களில் முதலாவது எங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு வாக்கியத்தில். ஏலத்தில் வந்த அந்நியனாக அவன் இருந்திருந்தால் என் மனசு இவ்வளவு அடித்துக்கொண்டிருக்குமா என்றால், இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டி பூசுவது எனக்குப் புதிதல்ல. வேலையில் இருந்தபோது ராத்திரி ஓடும் ஒரு புரோகிராம் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை வாடிக்கையாளருக்கு டெமோ. பிழை வந்தால் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும்படி நாலு வரி எழுதினேன். எம்ப்டி கேட்ச் பிளாக் என்பார்கள். டேஷ்போர்டில் எல்லாம் பச்சை. கை தட்டினார்கள். ஏழு மாதம் கழித்து, வேறு ஒரு பெண், நான் பார்த்தே இராதவர், காணாமல்போன கணக்குகளைத் தேடி ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாலு வரியில் என் பெயர் இருந்தது. அவர் போன் செய்து கோபப்படவில்லை. "இது ஏன் இப்படி இருக்குன்னு தெரிஞ்சா சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். டெமோ அவசரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், பின்னாளில் 2001-ல் நோபல் கிடைத்தது. வாங்குபவருக்கு நல்ல காரும் சொத்தைக் காரும் பிரித்துத் தெரியாத சந்தையில், எல்லாக் காருக்கும் சராசரி விலைதான் கேட்பார்கள், அதனால் நல்ல கார் வைத்திருப்பவர் விற்க வரமாட்டார் என்பது சாரம். அப்பாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப நீ ஓட்டைய காட்டினா மட்டும் அவன் மீதி வண்டி நல்லாருக்குன்னு நம்பிடுவானா? இன்னும் எத்தினி ஓட்டையோன்னுதான் நெனைப்பான்" என்றார். அகெர்லாஃப் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை. என்னிடம் பதில் இல்லை.

அப்பாவின் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. "நம்ம வாங்கறப்ப எவன்டா நம்மகிட்ட சொன்னான்? நான் ஒம்பது வருஷம் ஓட்டல? செத்தா போயிட்டேன்?" கைமாறி வந்த பொய்யை அடுத்த கைக்குத் தள்ளிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது அவர் எண்ணம். முட்டாள்தனமான எண்ணம் என்று தள்ள முடியாது. ஏமாந்தவன் செலவு செய்து நேர்மையாக இருக்க வேண்டும், ஏமாற்றியவன் காசோடு போய்விட்டான் என்றால், நேர்மை என்பது கடைசியாக மாட்டிக்கொண்டவன் கட்டுகிற அபராதமா? இன்றுவரை இந்தக் கேள்வி எனக்கு அடங்கவில்லை.

கடைசியில் ஓட்டையை அடைக்கவில்லை. ஓரங்களைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு மட்டும் பூசி, திறந்தே விட்டேன். மற்ற இடமெல்லாம் அடித்து முடித்தேன். வெள்ளை வண்டியில் கதவைத் திறந்தால் உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் நிறத்தில் ஒரு ஓட்டை. பையன் வந்தான். குனிந்து பார்க்கச் சொன்னேன், டிங்கர் சொன்ன தொகையையும் சொன்னேன். விரலை விட்டுப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அப்பா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேசியிருந்தோம், நாலாயிரத்து ஐந்நூறு குறைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதற்குள் அவன் பத்து குறைத்துக் கேட்டான். அப்பா கணித்தபடியே நடந்தது. லட்சத்துக்கு முடிந்தது. அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் ஏதோ யோக்கியன் மாதிரித் தெரிகிறது. பின்பக்கத் தொட்டியின் அடித்தகடு பற்றி இன்னும் சொல்லவில்லை. பொட்டாஷ் அரித்து அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. ஓட்டை இல்லை, உடைகிற மாதிரியும் இல்லை. முழுசாகச் சுரண்ட இன்னும் நாலு நாள் ஆகியிருக்கும், எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. குழிகளுக்குள் துரு இருப்பது தெரிந்தே மேலே பிரைமர் அடித்தேன், அதன் மேல் வெள்ளை. அதை அவனிடம் சொல்லவில்லை. மறைத்தேனா, அல்லது சொல்லுமளவுக்கு அது ஒன்றுமில்லையா? எல்லாப் பழைய வண்டியிலும் இருப்பதுதான் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிங்கரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

கார்த்திகையில் நல்ல மழை. செஞ்சி ரோட்டில் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது வண்டி போனது, முட்டைக்கோஸ் மூட்டைகளோடு. பையன் ஹாரன் அடித்து, "இன்னாண்ணா, தகடு வச்சாச்சு" என்று கத்தினான். நான் கையைத் தூக்கினேன். வண்டி தாண்டிப் போகும்போது என் கண் பின்கதவின் கீழ் விளிம்புக்குத்தான் போனது. தூறலில் சரியாகத் தெரியவில்லை.