கையில் இல்லாததை விற்கலாமா?

இஸ்லாம் பள்ளிவாசலின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுகிற மார்க்கமன்று. தொழுகைக்கு ஷர்த்துகள் இருப்பது போலவே, ஒரு படி அரிசியை விற்பதற்கும் ஷர்த்துகள் உண்டு. ஒளு முறிந்த நிலையில் தக்பீர் கட்ட நாம் அஞ்சுகிறோம். ஷர்த்து முறிந்த வியாபாரத்தில் கை நீட்டிக் காசு வாங்க அப்படி அஞ்சுகிறோமா? இந்தக் கேள்வியை இம்மாதம் நம் வீட்டுப் பிள்ளைகளை முன்னிட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின் ஒரு பையன் நம்மிடம் வந்து நின்றான். வயது பதினாறு இருக்கும். சிறுவயதில் நம்மிடம் ஓதியவன்தான். நெடுநேரம் தலைகுனிந்து நின்றவன், பிறகு மெல்லச் சொன்னான்.

அவன் கைப்பேசியில் ‘பிஜிஎம்ஐ’ என்னும் சண்டை விளையாட்டை ஆடுகிறவன். பப்ஜி விளையாட்டு 2020ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பின், 2021ல் அதற்குப் பதிலாக வந்தது இது. இதில் ஆடும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. பிள்ளைகள் அதை ‘ஐடி’ என்பார்கள். அந்தக் கணக்கில் விதவிதமான உடைகள், துப்பாக்கிக்கு மேற்பூச்சுகள் எல்லாம் சேரும். அவற்றைப் பிள்ளைகள் ‘ஸ்கின்’ என்கிறார்கள். கண்ணுக்கு மட்டுமே தெரியும் இந்தச் சரக்குகளுக்கு மெய்யான ரூபாயைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறையச் சேர்ந்த கணக்கை ஆயிரக்கணக்கில் விலை பேசி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நம் பையன் டெலிகிராமில் முகம் தெரியாத ஒருவனிடம் ஏழாயிரம் ரூபாய்க்கு அப்படியொரு ஐடியை வாங்கியிருக்கிறான். ஒன்பது நாள் ஆடினான். பத்தாம் நாள் உள்ளே போக முடியவில்லை. விற்றவனே கணக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, இவன் செய்தி அனுப்ப முடியாதபடி வழியையும் அடைத்துவிட்டான். அந்த ஏழாயிரம் யாருடையது? அக்காவின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று வாப்பா ரியாதிலிருந்து அனுப்பியது. உம்மாவின் கைப்பேசியிலிருந்து உம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவன் கேட்டான்: “ஹஜ்ரத், அந்த ஐடியோட படமெல்லாம் இன்னும் என் போன்ல இருக்கு. அதைக் காட்டி வேற ஒருத்தன்கிட்ட அதே விலைக்கு வித்துடலாம்னு கூட்டாளி சொல்றான். போன காசை மட்டும் எடுத்துட்டு விட்டுடுறேன். அது தப்பா ஹஜ்ரத்?”

நாம் நடுங்கிப் போனோம். பத்தே நாளில் மழ்லூம், ழாலிமாக மாறப் பார்க்கிறான்! அநியாயம் செய்யப்பட்டவன், அதே அநியாயத்தைத் தன் கையால் செய்ய அனுமதி கேட்கிறான். ஏழாயிரம் போனது சிறிய நஷ்டம். இது போயிருந்தால்?

பொருளுக்கு ஐந்து ஷர்த்துகள்

நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள், விற்கப்படும் பொருளுக்கு ஐந்து ஷர்த்துகளை வகுத்துள்ளார்கள். பொருள் சுத்தமானதாக இருக்க வேண்டும். பயனுள்ளதாக இருக்க வேண்டும். ஒப்படைக்க இயலுவதாக இருக்க வேண்டும். விற்பவருக்கு அதன் மீது உரிமை இருக்க வேண்டும். அது இன்னது, இத்தன்மையது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த அளவுகோலை அந்த ஐடியின் மீது வைத்துப் பார்ப்போம்.

முதலில் உரிமை. இத்தகைய விளையாட்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை, கணக்கு தங்களுடையதே, ஆடுகிறவருக்குத் தருவது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, அதைப் பிறருக்கு விற்கக் கூடாது என்று தம் ஒப்பந்தத்தில் எழுதி வைத்துள்ளன. படிக்காமலே ‘சம்மதம்’ என்று நம் பிள்ளைகள் விரல் வைப்பது அந்த ஒப்பந்தத்தின் மீதுதான். வாடகைக்குக் குடியிருப்பவன் வீட்டையே விற்பது போன்றது இது. விற்றது தெரியவந்தால் நிறுவனம் கணக்கையே முடக்கிவிடலாம். அப்போது வாங்கியவன் போய் முறையிட இடமில்லை.

அடுத்தது ஒப்படைத்தல். கணக்கை முதலில் திறந்தவனின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும்தான் அதன் மூலச் சாவி. கடவுச்சொல்லை நாம் மாற்றினாலும், ‘என் கணக்கு களவு போய்விட்டது’ என்று அவன் முறையிட்டால் அது அவன் கைக்கே திரும்பக் கூடும். சாவியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பூட்டை மட்டும் விற்றவனிடம் வாங்கியது எப்படி நம் வீடாகும்? இதைத்தான் இமாம்கள் ‘கரர்’ என்றார்கள். கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிச்சயமின்மை அது. அத்தகைய வியாபாரத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாமென்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கும் அறிவுறுத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. விற்பவரும் வாங்குபவரும் பருவமடைந்தவராக, பொருளைக் கையாளும் விவேகம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பது நம் மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபில் விவரம் தெரிந்த சிறுவனின் வியாபாரம் வலியின் சம்மதத்தைப் பொறுத்து நிற்கிறது. அன்றாடம் இந்தச் சந்தையில் விலை பேசுகிறவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்! எத்தனை வாப்பாமார்களுக்கு இது தெரியும்?

ஆகவே இந்த வியாபாரத்தில் மோசடி எப்போதாவது வந்து சேரும் விபத்தன்று. பொருளின் தன்மையிலேயே அது ஒளிந்திருக்கிறது. ஷர்த்துகள் நம்மைக் கட்டிப்போடும் கயிறு என்று எண்ணுகிறோம். அவை நம்மைப் பாவத்திலிருந்து காப்பதோடு, திருடனிடமிருந்தும் காக்கும் வேலி என்பதைப் பட்ட பிறகே உணர்கிறோம்.

அனுமதியுள்ள சந்தையிலும் எச்சரிக்கை

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் வால்வ் நிறுவனத்தார் நடத்தும் ‘ஸ்டீம்’ என்ற தளத்தில் கணக்கை விற்க அனுமதியில்லை. ஆனால் சில விளையாட்டுகளின் சரக்குகளை அத்தளத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வழி உண்டு. அங்கும் கள்ளர் புகாமலில்லை. மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் களவாடப்பட்டுச் சரக்குகள் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் அந்நிறுவனமே தெரிவித்தது. அப்படிக் களவு போன சரக்கு எங்கே போகும்? சந்தை விலைக்குப் பாதியில், ‘அவசரத்துக்கு விற்கிறேன்’ என்று வருகிறவனிடம்தான் இருக்கும். களவுப் பொருளென்று தெரிந்தும், தெரியாதது போல் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவன் அந்தப் பாவத்தில் பங்குக்காரனாகிறான். அளவுக்கு மீறிய மலிவு, முஃமினை மகிழ்விக்கக் கூடாது. நிறுத்தி விசாரிக்க வைக்க வேண்டும்.

ஈரத் தானியமும் அழகான படமும்

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நாம் அறிந்ததே. மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்து, ஏமாற்றுகிறவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். இன்று டெலிகிராமில் விற்பவன் அனுப்பும் அழகான படங்கள், குவியலின் காய்ந்த மேற்புறம். முடக்கப்பட்ட வரலாறு, வேறொருவன் கையிலுள்ள மூலச் சாவி, ஏற்கெனவே நால்வருக்கு விற்றது ஆகியவை உள்ளே இருக்கும் ஈரம். கையை உள்ளே விட வழியில்லாத குவியலை வாங்காதிருப்பதே சுன்னத்துக்கு நெருக்கமானது.

ஏமாற்றுகிறவர்களின் வழிகள் புதியனவாகத் தோன்றுகின்றன. ஆனால் மார்க்கம் அவற்றின் வேரை அன்றே அறுத்துவிட்டது. கிராமத்திலிருந்து சரக்கோடு வரும் கூட்டத்தாரை, சந்தை விலை தெரியுமுன் ஊருக்கு வெளியே வழிமறித்து வாங்குவது தடுக்கப்பட்டது. இன்று ‘இங்கே பேச வேண்டாம், தனியாக வாட்ஸ்அப்புக்கு வா’ என்கிறானே, அதுவும் ஊருக்கு வெளியே அழைப்பதுதான். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் ‘நஜஷ்’ தடுக்கப்பட்டது. இன்று ‘நான் எட்டாயிரம் தருகிறேன்’ என்று குழுவில் குரல் கொடுப்பவன், பெரும்பாலும் விற்பவனின் கூட்டாளியே. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடுவது திருமறையின் மிக நீண்ட வசனம். இன்று சாட்சி என்ற பெயரில் ‘மிடில்மேன்’ ஒருவன் வருகிறான். ஊர் நம்பும் ஆளின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு, இரு பக்கமும் வாங்கிக்கொண்டு மறைகிறான். முகமும் ஊரும் தெரியாதவன் எப்படிச் சாட்சியாவான்?

பெருமானார் கற்றுத்தந்த தற்காப்பு

ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற நபித்தோழர் தலையில் காயம்பட்டு, பேச்சும் நினைவும் தளர்ந்திருந்தார்கள். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள், கொள்முதல் செய்யும்போது இதில் ஏமாற்று இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாறு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, பொருளைத் திருப்பித் தர மூன்று நாள் தவணையும் அளித்தார்கள். ஏமாந்தவரைப் பெருமானார் பரிகாசம் செய்யவில்லை என்பதைப் பெற்றோர்கள் மனத்தில் பதிக்க வேண்டும். அடுத்த முறை ஏமாறாதிருக்கும் வழியைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த வழியில் நம் பிள்ளைகளுக்கு நாமும் சிலவற்றைச் சொல்லிவைப்போம். கணக்கை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். சரக்கு மாற்ற அனுமதியுள்ள விளையாட்டானால், அந்த விளையாட்டின் சொந்தச் சந்தைக்குள்ளேயே, பெற்றோருக்குத் தெரிந்து மாற்ற வேண்டும். உறுதி செய்யுமுன் ஒரு முறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். கடைசி நொடியில் அதே தோற்றமுள்ள மலிவுச் சரக்கை மாற்றி வைப்பது கள்ளரின் பழைய வித்தை. நமக்கு வர வேண்டிய பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணைப் போட வேண்டியதில்லை; போடச் சொல்பவன் எடுக்க வருகிறான். ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்ற படத்தை நம்பாமல், வங்கிக் கணக்கில் வந்ததா என்று பார்க்க வேண்டும். இலவசமாக விளையாட்டுக் காசு தருவதாகச் சொல்லி வரும் இணைப்பில் கடவுச்சொல்லையோ, கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணையோ கொடுக்கக் கூடாது.

அப்படியும் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறி வெளியேறுமுன் வங்கியில் நிறுத்திவைக்க முயல்வார்கள். தாமதம்தான் கள்ளனுக்குத் துணை. ஒரே பொந்தில் இருமுறை கொட்டு வாங்குகிறவனல்லன் முஃமின் என்பது நாயக வாக்கின் கருத்து. முதல் கொட்டை மறைப்பவனே இரண்டாவது கொட்டுக்கும் கை நீட்டுகிறான்.

அந்தப் பையன்

நாம் அவனிடம் சொன்னோம்: “தம்பி, உன்னிடம் இருப்பது படம், பொருளில்லை. பொருளில்லாமல் நீ வாங்கும் ஏழாயிரம், உன்னைப் போல் இன்னொரு பிள்ளை தன் உம்மாவுக்குத் தெரியாமல் எடுத்த காசாக இருக்கும். உன்னை ஏமாற்றியவனிடம் மறுமையில் உனக்கு வழக்கு இருக்கிறது. நீயும் விற்றால், உன் மீது இன்னொருவன் வழக்கோடு வருவான். முதலில் உன் உம்மாவிடம் போய்ச் சொல். நீ அமானத்தில் கை வைத்தது அங்கேதான்.”

அன்றிரவே சொல்லிவிட்டான். உம்மா அழுதார்களாம். மறுநாள் 1930ல் புகார் கொடுத்தார்கள். தாமதமாகிவிட்டபடியால் பணம் இன்னும் திரும்பவில்லை. வாப்பா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ரியாதிலிருந்து கூப்பிட்டு, “என் காசு போனது போகட்டும், அடுத்தவன் காசைத் தொடாம வந்தியே, அது போதும்” என்றாராம். இப்போது பையன் ஞாயிறுதோறும் மாமாவின் கடையில் நின்று, அக்காவின் கட்டணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வருகிறான். இந்த மாதம் ஐந்நூறு ரூபாய் அடைத்திருப்பதாக நம்மிடம் வந்து சொன்னபோது, தலை நிமிர்ந்தே நின்றான்.

ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், தம்மை ஊரைவிட்டுத் துரத்திய மக்கத்து மக்களின் அமானத்துகளைக்கூட உரியவரிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திச் சென்ற நபியின் உம்மத்து நாம். நம் பிள்ளைகளின் கையில் கைப்பேசியைக் கொடுத்த நாம், இந்தப் பாடத்தையும் சேர்த்துக் கொடுத்தோமா? இன்றிரவு உணவுக்கு உட்காரும்போது கடிந்துகொள்ளாமல் ஒரு கேள்வி கேட்போம்: “அந்த விளையாட்டில் யாரிடமாவது ஏதாவது வாங்கினாயா, விற்றாயா?”

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் ஏமாறுவதிலிருந்தும், அதைவிட ஏமாற்றுவதிலிருந்தும் காத்து, ஹலாலான ரிஸ்கில் பரக்கத்துச் செய்தருள்வானாக! ஆமீன்.