எடை குறையவில்லையே என்று ஏங்குவோருக்கு

மனிதனை அழகிய அமைப்பில் படைத்து, அவன் உடலை அவன் கையிலேயே அமானத்தாக ஒப்படைத்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய தூதர் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஷவ்வால் பிறை கண்டு பத்து நாள் கழிந்தால் போதும், ஆண்டுதோறும் ஒரு கேள்வி ஆலிம்களைத் தேடி வந்துவிடுகிறது. முப்பது நோன்பும் வைத்தேன், எடை இறங்கவில்லையே, ஏறியல்லவா இருக்கிறது என்கிறார்கள். பெரும்பாலோர் இதைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அண்மையில் ஒரு சகோதரர் கேட்டதில் சிரிப்பு இல்லை. இரவில் சோற்றை நிறுத்தி ஒன்பது மாதம் ஆகிறது. சுப்ஹு தொழுததும் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறார். தொடக்கத்தில் நான்கு கிலோ குறைந்தது. பிறகு முள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "துஆவும் கேட்டுப் பார்த்துவிட்டேன் ஹஜ்ரத், என் பாவம்தான் தடுக்கிறது போலும்" என்றார். வீட்டில் கேலி தாங்காமல் நடையையும் விட்டுவிடப் போவதாகச் சொன்னார்.

உடல் எடை மருத்துவரின் விஷயமாயிற்றே, இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எடை இறங்காததால் ஒரு முஃமின் தன் ரப்பைப் பற்றித் தவறாக எண்ணத் தொடங்கிவிட்டானே! அந்த இடத்தில் அது மார்க்கத்தின் விஷயமாகிவிடுகிறது.

முதலில் உடலின் இயல்பைப் பார்ப்போம். பஞ்சத்திலும் பிழைத்திருக்கும்படியாகத்தான் அல்லாஹ் இந்த உடலைப் படைத்திருக்கிறான். உள்ளே வரும் உணவு குறைந்தால், இவன் வேண்டுமென்றே குறைத்தானா, ஊரில் பஞ்சம் வந்துவிட்டதா என்று உடல் விசாரிப்பதில்லை. தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் ஏறத்தாழ அரை வயிற்று உணவே கொடுத்துப் பார்த்தார். எடை குறைந்தது உண்மை. அதோடு அவர்களின் நாடித் துடிப்பு தளர்ந்தது, எந்நேரமும் குளிரெடுத்தது, சோர்வு சூழ்ந்தது. இரவும் பகலும் உணவைப் பற்றிய எண்ணமே அவர்களைப் பிடித்தாட்டியது. நல்ல ஒழுக்கமும் உறுதியும் உள்ள இளைஞர்கள்தாம் அவர்கள்! கொழுப்புத் திசுவே மூளைக்குத் தகவல் அனுப்புகிறது என்பதும் 1994ல் லெப்டின் என்ற சுரப்பைக் கண்டுபிடித்தபோது தெரியவந்தது. கொழுப்பு கரையக் கரைய அந்தத் தகவல் குறைகிறது, பசி கூடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்த ஆய்வு 2016ல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோருக்கு இழந்த எடை திரும்பிவிட்டிருந்தது. அவர்களுடைய உடலோ, அந்த எடைக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இன்னமும் செலவழித்துக் கொண்டிருந்தது.

ஆகவே நான்கு கிலோவில் முள் நின்றதற்குப் பாவத்தைக் காரணமாக்க வேண்டியதில்லை. உடல் தன்னைப் படைத்தவன் இட்ட காவல் பணியைச் செய்துகொண்டிருக்கிறது.

நம் அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்களின் வரலாற்றிலேயே இதற்கு ஒப்பான செய்தி உண்டு. அவர்களைக் கணவர் இல்லத்துக்கு அனுப்புமுன் சற்றுச் சதைப்பிடிப்பாக்க வேண்டுமென அவர்களின் தாயார் பல வகைகளில் முயன்றார்கள், பலிக்கவில்லை. கடைசியில் வெள்ளரிக்காயையும் பேரீச்சம் பழத்தையும் சேர்த்து உண்ணக் கொடுத்தபோதே உடல் தேறியது என்று அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் காண்கிறோம். பின்னர் ஒரு பயணத்தில் பெருமானார் (ஸல்) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடி அன்னை வென்றார்கள். காலம் சென்றது. அன்னைக்குச் சதை போட்டிருந்தது. மீண்டும் ஒரு பயணத்தில் ஓடியபோது நாயகம் (ஸல்) வென்றார்கள். முன்பு தோற்றதற்கு இது ஈடாயிற்று என்றார்கள். தாயார் முயன்றபோது எளிதில் ஏறாத உடல், யாரும் முயலாதபோது தானாக ஏறியது. அதற்காக நாயகம் (ஸல்) ஒரு சொல் குத்திப் பேசவில்லை, கூடவே ஓடினார்கள்! மனைவியின் பருமனைப் பற்றி நண்பர்களிடம் பேசிச் சிரிக்கும் கணவன்மார் ஒருநாளாவது அவளோடு சேர்ந்து நடந்தார்களா?

பெண்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீதியில் நடந்தால் ஒரு பேச்சு, நடக்காமல் பருத்தால் இன்னொரு பேச்சு. நம் மஹல்லாக்களில் பல சகோதரிகள் மொட்டை மாடியில் நான்கு சுவருக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். ஒழுக்கம் பேணி நடப்பதற்கு அவர்களுக்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்கித் தர ஜமாஅத்தார் யோசிக்கலாம். பள்ளிக்குக் குளிர்சாதனம் வாங்க வசூல் செய்கிற நமக்கு இது பெரிய காரியமல்ல.

இனி, கணக்குப் பார்க்கும் பகுதிக்கு வருவோம். உடல் தன் செலவைச் சுருக்குகிறது என்பது உண்மை. நாம் நம் வரவை மறக்கிறோம் என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஒரு மணி நேர வேக நடையில் செலவாவது ஏறத்தாழ 250, 300 கலோரிதான். எண்ணெயில் பொரித்த இரண்டு சமோசாவும் ஒரு டம்ளர் சர்பத்தும் அதைத் தாண்டிவிடும். நோன்பு திறக்கும் ஸஹனைப் பாருங்கள். பேரீச்சம் பழமும் தண்ணீரும் ஸுன்னத். நோன்புக் கஞ்சி நம் முன்னோர் தேடிவைத்த நல்ல உணவு. அதற்குமேல் வாடா, சமோசா, கட்லெட், ஃபலூடா. தராவீஹ் முடிந்து வந்தால் பரோட்டா, ஸஹருக்கு நெய்ச்சோறு. பதினான்கு மணி நேரம் பட்டினி கிடந்தவர் மீதிப் பத்து மணி நேரத்தில் இரண்டு நாள் உணவை உண்டால் நோன்பின் மீது குறை சொல்லி என்ன பயன்? மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது இல்லை என்றும், முதுகை நிமிர்த்தி நிறுத்தும் சில கவளங்களே போதும் என்றும், போதாதென்றால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் என்றும் நாயகம் (ஸல்) வழிகாட்டியது திர்மிதியில் உள்ளது. மூன்றில் ஒரு பங்கு என்பதை நாம் சட்டமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். அதுவே அவர்கள் கொடுத்த கடைசிச் சலுகை. முதலில் சொன்னது சில கவளங்களைத்தான். அதை மறந்துவிட்டோம்.

தாய்மார்கள் செய்யும் ஒரு காரியம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த சோற்றை, வீண் விரயம் ஆகிவிடுமே என்ற அச்சத்தில் தாமே உண்டு முடிப்பார்கள். நிய்யத் நல்லதுதான். ஆனால் தேவையில்லாத வயிற்றில் போடுவதும் குப்பையில் போடுவதும் உணவுக்கு என்னவோ ஒன்றுதான். பிள்ளைக்குக் குறைவாக வைத்து, கேட்டால் மறுபடி வைப்பது விரயத்தைத் தொடக்கத்திலேயே தடுக்கும்.

இப்படி நேர்மையாகக் கணக்குப் பார்த்தும் எடை அசையவில்லையா? அப்படியானால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பி மந்தமானாலும், பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு இருந்தாலும் எடை ஏறும், இறங்க மறுக்கும். இன்ஸுலின், ஸ்டீராய்டு, சில மனநோய் மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டும். அவற்றை நாமாக நிறுத்துவது ஆபத்து. கொடுத்தவரிடம் கேட்டே மாற்ற வேண்டும். மருத்துவம் தேடுவது தவக்குலுக்கு விரோதமல்ல. பத்து நாளில் பத்து கிலோ என்று விற்கும் பெயர் தெரியாத பொடிகளையும் மாத்திரைகளையும் விழுங்குவதுதான் அமானத்துக்குச் செய்யும் துரோகம். அளவுக்கு மீறி நோன்பும் வணக்கமுமாகத் தன்னை வருத்திக்கொண்டிருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், உனக்கென்று உன் உடலுக்கும் உரிமை உண்டு என்ற கருத்தை ஸல்மான் பார்ஸி (ரலி) எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நாயகமும் (ஸல்) ஏற்றுக்கொண்டார்கள்.

எடை குறைக்கும் நோக்கத்தோடு திங்களும் வியாழனும் நோன்பு வைக்கலாமா என்ற கேள்வியும் இப்போது அதிகம் வருகிறது. ஃபிக்ஹுடைய அறிஞர்கள் இதை நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டார்கள். நோன்பின் நிய்யத்துடன் உணவுக் கட்டுப்பாட்டையோ சிகிச்சையையோ சேர்த்து எண்ணினால் நோன்பு கூடும் என்பதே சரியான கருத்து என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்களின் 'அல்அஷ்பாஹு வந்நளாயிர்' மூலம் அறிகிறோம். நோன்பு கூடிவிட்டது; கூலி? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இக்லாஸைப் பேசும் இடத்தில் இதே உதாரணத்தைத்தான் காட்டுகிறார்கள். உடல்நலத்தின் ஆசை வந்து கலக்கும்போது இக்லாஸின் தூய்மை கெடுகிறது, உள்ளத்தில் எந்த நோக்கம் ஓங்கி நிற்கிறதோ அதற்கேற்பவே பலன் என்பது அவர்கள் கூற்றின் சாரம். ஆகவே நோன்பை அல்லாஹ்வுக்காக வையுங்கள். உடல் இளைத்தால் அது மேல்மிச்சம். நோன்பின் நிய்யத்தே இல்லாமல் எடைக்காக மட்டும் உண்ணாதிருப்பவர் பட்டினி கிடக்கிறார், அவ்வளவே. எடைக்காக மட்டும் என்று வைத்துவிட்டால், எடை குறையாத அன்று நோன்பே வீணானதுபோல் தோன்றும். மேலே சொன்ன சகோதரரின் மனக்கசப்பும் அப்படி வந்ததுதான்.

கேலி செய்வோருக்கும் ஒரு வார்த்தை. பருத்த மனிதன் மறுமைத் தராசில் கொசு இறக்கை அளவுகூட எடை பெறமாட்டான் என்ற ஹதீஸைச் சிலர் பருமனானவர்கள் முன் சொல்லிச் சிரிக்கிறார்கள். புகாரியில் வரும் அந்த ஹதீஸிலேயே, ஸூரத்துல் கஹ்ஃபின் 105ஆம் வசனத்தை ஓதிப் பார்க்கும்படி சொல்லப்படுகிறது. இறைவனின் அத்தாட்சிகளை மறுத்தவர்களைப் பற்றிய வசனம் அது. ஐவேளை தொழும் ஒரு முஃமினின் இடுப்பளவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குட்டையான உருவத்தைச் சுட்டி அன்னை ஆயிஷா (ரலி) ஒரு சொல் சொன்னபோது, அது கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்று நாயகம் (ஸல்) கண்டித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோதோ, அந்தக் கால்கள் தராசில் உஹுது மலையைவிடக் கனமானவை என்றார்கள். குட்டை, மெலிவு, பருமன் எதுவானாலும் கேலிக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் நடையை விட்டுவிடலாமா? கூடவே கூடாது. எடை இறங்காவிட்டாலும் நடப்பவரின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்கு வருகின்றன, தசையும் மூட்டும் வலுப்பெறுகின்றன. எடைக் கருவி இவற்றைக் காட்டாது. நம் இந்தியத் துணைக்கண்டத்தாருக்கு எடையைவிட இடுப்புச் சுற்றளவே நல்ல அடையாளம். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. வாரம் தவறாமல் தராசில் ஏறி மனம் உடைவதைவிட, மாதம் ஒருமுறை நாடாவால் அளந்து பார்ப்பது மேல். குறைவானதாயினும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது வணக்கத்தைப் பற்றிய சொல்தான். உடலைப் பேணுவதற்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நாயகம் (ஸல்) சனிக்கிழமைதோறும் குபாப் பள்ளிக்கு நடந்தும் வாகனத்திலும் செல்வார்கள். அவர்கள் நடந்தால் மேட்டிலிருந்து இறங்குபவரைப்போல் விரைவிருக்கும்.

உடல் கனத்ததால் தொழுகையில் சிரமப்படுவோர், பிறர் பார்ப்பார்களே என்று வெட்கி ஜமாஅத்துக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. நிற்க முடியும், ஸஜ்தாவுக்குக் குனியத்தான் முடியாது என்றால், ஷாஃபிஈ மத்ஹபின்படி நிற்க வேண்டிய இடத்தில் நின்று, முடியாததற்கு மட்டும் அமர்ந்து சைகை செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அமர்ந்தே சைகையால் தொழுதுகொள்ள இடமுண்டு. நாயகமே (ஸல்) முதுமையடைந்து திருமேனியில் சதை கூடியபோது, ஒன்பது ரக்அத்தாகத் தொழுதுவந்த வித்ரை ஏழாக்கிக்கொண்டார்கள் என்று முஸ்லிமில் வருகிறது.

அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடலினர், மெதுவாக நடப்பவர்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவில், மக்கள் கூட்டம் நெருக்குமுன் இரவிலேயே மினாவுக்குப் புறப்பட்டுவிட அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) உடனே அனுமதித்தார்கள். விடியும்வரை அங்கேயே தங்கிக் கூட்டத்தோடு புறப்பட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், ஸவ்தாவைப் போல நானும் அனுமதி கேட்டிருக்கக்கூடாதா என்று பிற்காலத்தில் ஏக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.