மரணத்திற்குக் கர்த்தா யார்?

1876இல் தொடங்கி இரண்டாண்டுக் காலம் சென்னை மாகாணத்தை வாட்டியதும், நம் கிராமத்து முதியோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டதுமான அந்தக் கொடுங்காலத்தில், எண்ணிறந்தோர் வாந்திபேதியாலும் சீதபேதியாலும் சுரத்தாலும் மாண்டவர்களாகவே கணக்கில் ஏறினார்கள். நோய்க்கு மனமில்லை, சங்கற்பமில்லை. ஆகையால் அம்மரணங்களின் பாவம் எவரையும் சாராது என்று அமைதி கொள்வோர் உண்டு.

மழை பொய்த்தது எவர் குற்றமும் அன்று. ஆனால் 1877 ஜனவரியில், இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும், உப்பு புளிக்கென்று மிகச் சிறு காசும் போதுமென்று கூலியைக் குறைத்தார். உழைக்கும் உடல் அவ்வளவில் தரிக்காது என்று மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் ஆட்சேபித்தார். கோதுமையோ இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. உரம் வற்றிய உடலில் பேதி புகுந்தபோது, வழியைத் திறந்துவிட்டது யார்?

இம்சையைச் செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்று மூவகையாகப் பகுத்து, மூன்றிலும் பாவமுண்டு என்று வைத்த ஜைன தர்மம் இவ்விஷயத்தில் மிகக் கூர்மையானது. கத்தியால் குத்துகிறவன் சாவை விரும்புகிறான். கூலியைக் குறைத்துக் கையெழுத்திட்டவர் கஜானாவின் சிக்கனத்தை மட்டுமே விரும்பியிருக்கலாம். இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று என்பதை நான் மனமார ஒப்புகிறேன். ஆயினும் அறியாமை என்ற அடைக்கலம், கார்னிஷின் ஆட்சேபம் வந்து சேர்ந்த நாளோடு போயிற்று. அதே ஆண்டில் பின்னர் படி ஓரளவு உயர்த்தப்பட்டதே, அது மனிதர் கைக்கு எட்டிய காரியந்தான் என்பதற்குச் சாட்சி.

செத்தவனுடைய பூர்வ கர்மமே அவனைக் கொன்றது, அதிகாரி வெறும் நிமித்தம் என்று கூறும் வேதாந்தம் என் நெஞ்சைப் புண்படுத்துகிறது. அது மெய்யென்றே கொண்டாலும், நிமித்தமாக நின்றவனுக்கு அப்படி நின்றதே புதிய வினையாகாதா? பட்டினி கிடந்தவனைப் பார்த்து மட்டும் வினையை எண்ணுகிறவர்கள், படியளந்த கையைப் பார்த்து அதை எண்ணாதது ஏன்?

1880இல் பஞ்சக் கமிஷன், பஞ்சத்தில் தவிப்போருக்கு உதவுவது அரசாங்கத்தின் கடமை என்று எழுதிற்று. அதைத் தொடர்ந்து பஞ்ச நிவாரண விதிகளும் ஏற்பட்டன. மூன்றாண்டுகளுக்கு முன் அது கடமையாக இருக்கவில்லை என்று சொல்ல எனக்கு மனம் துணியவில்லை.